மூன்றாம் மாடி, இடது கதவு

மார்ச் 1, ஞாயிறு

காலைக் கூட்டம் சாப்பாட்டு நேரம்வரை இழுத்தது. ஆட்டத்துக்காகப் போட்டுவைத்த பாலைவனக் களத்தைக் கைவிடுவது என்று முடிவு. இதை நான் முதல் வாரத்திலேயே சொன்னேன். முதலில் சொன்னவருக்கு என்று தனி மரியாதை எதுவும் கிடைப்பதில்லை.

காரணத்தை எழுதி வைக்கிறேன், அடுத்த மாதம் யாராவது மறுபடி ஆரம்பிப்பார்கள். இந்தத் துப்பாக்கி விளையாட்டு பழையது. செய்த நிறுவனமே மூடிவிட்டது. எங்களைப் போன்ற ரசிகர்கள்தான் ஆளுக்கொரு மாற்றம் செய்து அதை உயிரோடு வைத்திருக்கிறோம். ஒரே நேரத்தில் அதிகமாக வரைய வேண்டிவந்தால், திரையில் காட்சியை வரையும் இதன் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். திறந்தவெளியில் எல்லாமே ஒன்றாகக் கண்ணில் படும். அடுக்குமாடிக் கட்டடத்தில், திரும்பித் திரும்பி ஏறும் படிக்கட்டில், எந்த நேரத்திலும் ஒரு திருப்பம்தான் தெரியும். சுவருக்குப் பின்னால் இருப்பதை வரையாதே என்று எஞ்சினிடம் சொல்லிவிடலாம். ஆகவே எங்கள் மோட், அதாவது நாங்கள் செய்யும் மாற்றம், இனி ஒரே கட்டடம். ஓர் அணி உள்ளே இருப்பவர்களைப் பத்திரமாக வெளியே கொண்டுவர வேண்டும், மற்ற அணி தடுக்க வேண்டும்.

எந்தக் கட்டடம்? மேப், அதாவது ஆட்டக்களம், செய்யப் பழகும் எல்லோரும் முதலில் கட்டுவது தாங்கள் குடியிருக்கும் வீட்டைத்தான். அளவெடுக்க வெளியே போக வேண்டியதில்லை. நானும் அதையே சொன்னேன்.

"அக்கா அளந்தா மயிரிழை பிசகாது," என்றார் வாத்தியார். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவர், எங்களுக்கு நிரல் எழுதுகிறவர். யாரும் சொல்லாமலே அவர்தான் தலைவர்.

"அக்கா வீட்டுக்குத் துப்பாக்கியோட வந்தா டீ கிடைக்குமா?" இது மரங்கொத்தி. ஒலிகள் இவன் பொறுப்பு. பேசும்போதே விசைப்பலகையைக் கொத்திக்கொண்டிருப்பான்.

"செருப்பை வாசல்ல விட்டுட்டு வந்தா கிடைக்கும்."

பொம்மைக்காரி சிரித்தாள். ஆட்டத்தில் ஓடும் மனிதர்களை வடிப்பவள் அவள். மூவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. குரலாகத்தான் தெரியும். அது எனக்கு வசதி.

மார்ச் 3, செவ்வாய்

அலுவலகத்தில் லிஃப்ட் மென்பொருள் சோதனை. கதவு மூடுமுன் நடக்க வேண்டிய ஒரு சரிபார்ப்பு விடுபட்டிருக்கிறது. "ஒண்ணும் ஆகாது மேடம்," என்றான் எழுதியவன். ஒன்றும் ஆகாது என்பதை நிரூபித்துக் காட்டு என்றேன். கேன்டீனில் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரியும். பேசட்டும்.

மார்ச் 7, சனி

வீட்டை அளந்தோம். டேப்பின் மறுமுனையைச் சின்னவள் பிடித்தாள். இடது கையால். வலது மணிக்கட்டு இன்னும் முழுதாகத் திரும்புவதில்லை.

போன மழைக்காலத்தில் புருஷன் வீட்டை விட்டு ஒரே ஒரு பையோடு வந்தாள் என் தங்கை. இந்த முகவரி அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அம்மாவிடம் சொன்னால் மாப்பிள்ளையிடம் சொன்ன மாதிரி. ஏதோ ஓர் ஊரில் இரண்டு பேரும் ஒன்றாக இருக்கிறோம் என்பது மட்டும் தெரியும். சின்னவள் இப்போது கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களை உட்காரவைத்து எழுத்துப் படிக்கச் சொல்வது, ஃபிரேம் எடுத்துக் காட்டுவது. பழையபடி வாய் திறந்து பேச ஆரம்பித்திருக்கிறாள்.

"இந்த வீட்டைக் கட்டுன கொத்தனாரே இவ்வளவு அளந்திருக்க மாட்டாருக்கா. கட்டிலை எதுக்கு அளக்கிறே?"

"அதுக்குப் பின்னாடி ஒருத்தர் ஒளிஞ்சுக்க முடியுமான்னு பார்க்கணும்."

"இந்த விளையாட்டுல நானும் இருக்கேனா?"

"இல்லை. நீ கட்டில் மட்டும்தான்."

"அப்பாடா. என்னைச் சுடறதுக்கு ஏற்கெனவே ஒரு ஆளு இருக்கு, அது போதும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் அடுத்த அளவைக் கேட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

விடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய்ப் படம் எடுத்தேன். மேப்புக்கு வானம் வேண்டும். ஆட்டக்காரர் மாடியில் ஏறி நின்றால் சுற்றிலும் ஏதாவது தெரிய வேண்டுமே. அதற்காக ஊரையே கட்டினால் எஞ்சின் படுத்துவிடும். அதனால் உட்சுவரெல்லாம் படம் ஒட்டிய ஒரு பெரிய பெட்டியைச் செய்து, கட்டடத்தை அதற்குள் வைத்துவிடுவோம். உள்ளே நிற்பவர் கண்ணுக்கு அது தொடுவானம்வரை நீளும் ஊர்.

பொம்மைக்காரி படங்களை மூட்டுத் தெரியாமல் இழைத்து மதியத்துக்குள் அனுப்பிவிட்டாள். பஸ் பணிமனை, கைபேசிக் கோபுரம், பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி, ஆஸ்பத்திரி விளம்பரப் பலகை.

"பெரிசு பண்ணிப் பாருங்க அக்கா, போர்டுல இருக்கிற போன் நம்பரைக்கூடப் படிக்கலாம்!"

அவளுக்குப் பெருமை. எனக்கும்தான்.

மார்ச் 15, ஞாயிறு

சின்னவள் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அக்காவா? அவளுக்கென்ன, நல்லா இருக்கா. கம்ப்யூட்டர்ல எங்க வீட்டையே கட்டிக்கிட்டு இருக்காம்மா, அந்தத் துப்பாக்கி விளையாட்டுக்கு. என் கட்டில்கூட இருக்கு, தெரியுமா?" அம்மா சிரித்தது எனக்கே கேட்டது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துப் பல மாதம் இருக்கும்.

பிறகு அம்மா வழக்கமான பேச்சுக்கு வந்திருக்க வேண்டும். சின்னவள் போனை என்னிடம் நீட்டினாள்.

"மாப்பிள்ளை மாறிட்டார்டி. போன் பண்ணா அழறார்."

"அழட்டும்மா."

"உனக்குக் கல்யாணமா காட்சியா, உனக்கு என்ன தெரியும் அதெல்லாம்?"

தெரியாதுதான் என்று சொல்லி வைத்தேன். மணிக்கட்டைப் பற்றி அம்மாவிடம் எத்தனை முறை சொல்வது?

மார்ச் 22, ஞாயிறு

முதல் சோதனைப் பதிப்பு வெளியே போய்விட்டது. ரசிகர் மன்றப் பக்கத்தில் அறிவிப்பு என் பெயரில். என் பெயர் என்றால், இந்த ஆட்டத்தில் வருடக்கணக்காக நான் வைத்திருக்கும் பட்டப்பெயர். மேப்பை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், எங்கள் சர்வரில் ஆடலாம். ஆடுவது முழுதும் பதிவாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம்.

முதல் நாளே நல்ல கூட்டம். ஒருவர் எழுதியிருக்கிறார்: "நிஜமாக யாரோ குடியிருக்கிற வீடு மாதிரியே இருக்கிறது." அதைப் பலமுறை படித்தேன்.

மார்ச் 28, சனி

வாத்தியார் வெப்பப்படம் எடுத்துத் தந்தார். ஆட்டக்காரர்கள் அதிக நேரம் நின்ற இடமெல்லாம் சிவப்பு. படிக்கட்டுத் திருப்பங்கள் சிவப்பு, எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதவை இரண்டு. மொட்டை மாடியின் நடுவில் ஒரு பொட்டு. மூன்றாம் மாடியில் இடது கதவின் முன்னால் இன்னொரு பொட்டு.

அங்கெல்லாம் நிற்க ஒரு காரணமும் இல்லை. மாடியில் எடுக்கப் பொருள் கிடையாது. இடது கதவைத் திறந்தால் என் வீட்டுக் கூடம், அங்கிருந்து அணிக்கு எந்த லாபமும் இல்லை.

"தரையில ஓட்டை இருக்கும், யாரோ மாட்டிக்கிட்டாங்க," என்றார் வாத்தியார்.

"மாடியில துணி காயப்போட வந்திருப்பாரு," என்றான் மரங்கொத்தி.

இரண்டு பொட்டும் ஒரே ஆள். பெயர் வைத்துக்கொள்ளாதவர். சர்வர் தானாகக் கொடுத்த எண் ஏழு.

மார்ச் 29, ஞாயிறு

தரையைச் சோதித்தேன். ஓட்டை இல்லை.

ஏப்ரல் 1, புதன்

அலுவலகத்திலிருந்து வந்ததும் ஏழாம் எண்ணின் பதிவுகளில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். பதிவைப் பார்ப்பது என்றால் அவர் கண்ணால் பார்ப்பது. அவர் திரும்பினால் நானும் திரும்புவேன்.

ஆட்டம் தொடங்கியதும் நேராக மாடிக்கு ஏறினார். நான்கு திசையும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். பிறகு தொலைநோக்கி வைத்த துப்பாக்கியை எடுத்து ஆஸ்பத்திரிப் பலகையைக் குறிபார்த்தார். சுடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்து கோபுரம். அடுத்து பணிமனை.

பிறகு மூன்றாம் மாடிக்கு இறங்கி இடது கதவின் முன் நின்றார். பின்னாலிருந்து யாரோ சுட்டார்கள், விழுந்தார். மறுபடி பிறந்து, மறுபடி அங்கேயே வந்து நின்றார். யாரையும் திருப்பிச் சுடவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

மேப் பிடித்திருக்கும். வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லா ஆட்டத்திலும் உண்டு.

ஏப்ரல் 5, ஞாயிறு

மதியம் ஏழாம் எண்ணின் இன்னொரு பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒலியோடு. பக்கத்து அறையில் சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரையில் அவர் இடது கதவை நெருங்கினார். துப்பாக்கியில் குண்டு முழுதாக இருந்தும் குண்டுப் பெட்டியைக் கழற்றி மாட்டினார். கிளிக், கிளிக். மறுபடி கழற்றி மாட்டினார். கிளிக், கிளிக்.

நிமிர்ந்து பார்த்தால் சின்னவள் வாசற்படியில் நிற்கிறாள், கையில் பாதி மடித்த சட்டை.

"யாரு அது?"

"ஒரு டெஸ்டர். ஏன்?"

"நிறுத்து."

"என்னடி—"

"நிறுத்துக்கா!"

நிறுத்தினேன். அவள் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். "எந்தக் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை இப்படிப் பண்ணுவாரு. குண்டு இருந்தாலும் பண்ணுவாரு. நான் சமையக்கட்டுல நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். அந்தச் சத்தம் வந்துக்கிட்டே இருக்கிற வரைக்கும் பயமில்லை. நின்னா, விளையாடி முடிச்சு எழுந்து வர்றாருன்னு அர்த்தம்."

சின்னவள் புருஷனும் இதே ஆட்டம் ஆடுகிறவன். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் எனக்கும் அவனுக்கும் பேசக் கிடைத்த ஒரே விஷயம் அதுதான். என் பட்டப்பெயர் அவனுக்குத் தெரியும். அதை மறந்தா போயிருந்தேன்? இல்லை. அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

ஆனாலும் சொன்னேன். ஆயிரம் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு, சத்தத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது என்றேன்.

"ஆயிரம் பேர்ல ஒருத்தர்தானேக்கா நம்ம வாசல்ல வந்து நிக்கிறாரு?"

கொஞ்ச நாள் வேறெங்காவது இரு என்றேன். மாட்டேன் என்கிறாள். "கடைச் சாவியை இப்பத்தான் என் கையில குடுத்திருக்காங்க. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னு நீ சொல்றதுக்கெல்லாம் நான் ஓட முடியாது."

ஏப்ரல் 6, திங்கள்

ஊகம் வேண்டாம். சோதித்துப் பார்க்கலாம்.

புதிய பதிப்பில் மூன்றாம் மாடியை மட்டும் இடம் வலமாகத் திருப்பிப் போட்டேன். இடது கதவு இப்போது வலது கதவு. ஆட்டத்துக்கு இதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. வெல்ல வந்தவர் கவனிக்கவே மாட்டார். கவனிப்பவர் வேறு எதற்கோ வந்தவர். வானத்தையும் எடுத்துவிட்டு வெறும் மேகம் போட்டேன்.

மற்ற மூவருக்கும் காரணம் சொல்லவில்லை. வேகத்துக்காக ஒரு மாற்றம் என்று எழுதிவிட்டேன். வீட்டு விஷயம். அதோடு கையில் ஆதாரமும் இல்லை. ஆதாரம் வந்ததும் சொல்லலாம்.

ஏப்ரல் 8, புதன்

பொம்மைக்காரிக்கு வருத்தம். "என் வானத்தை ஏன் அக்கா தூக்கிட்டீங்க?" அப்புறம் பேசலாம் என்று எழுதினேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

மன்றப் பக்கத்தில் ஏழாம் எண்ணின் முதல் கேள்வி. இதுவரை ஒரு வார்த்தைகூட எழுதாதவர்.

"முந்தின பதிப்பில் மூன்றாம் மாடி வீட்டுக் கதவு இடது பக்கம் இருந்தது. இப்போது வலது பக்கம். எது சரி?"

எது பிடித்திருக்கிறது என்று கேட்கலாம், எது ஆட வசதி என்று கேட்கலாம். விளையாட்டில் ஒரு கதவு எப்படிச் சரியாகவோ தவறாகவோ இருக்க முடியும்?

அவன்தான். அவனேதான்.

பதில் போடவில்லை. வலது என்று எழுதினால் எதிர்வீடு. டியூஷன் டீச்சர், சாயங்காலமானால் கூடம் நிறையப் பிள்ளைகள். இடது என்று எழுதினால் நாங்கள். பேசாமல் இருந்துவிட்டால் தெரியாமலே போகும் என்று நினைத்தேன். நாளைக்கு வாத்தியாரிடம் சொல்லி எல்லாவற்றையும் நீக்கிவிடச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 11, சனி

காலை கணினியைத் திறந்தால் கேள்விக்குக் கீழே பதில் இருக்கிறது. மரங்கொத்தி எழுதியிருக்கிறான்.

"பழையதுதான் சரி! அக்காவின் நிஜ வீடே அப்படித்தான், இடது பக்கம். சும்மா சோதனைக்கு மாற்றியிருக்கிறார்கள். உங்களைப் போல நுணுக்கமாகப் பார்ப்பவர்கள்தான் எங்களுக்கு வேண்டும்." கடைசியில் ஒரு சிரிப்பு முகம்.

அவனைத் திட்டி என்ன? ஒரு கதவு இடம் மாறியதைக்கூட ஒருவர் கவனித்துவிட்டார் என்றால் மேப் செய்கிறவனுக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது. நானும் அந்த இடத்தில் அப்படித்தான் எழுதியிருப்பேன். அவனுக்கு விஷயம் தெரியாது. சொல்லாதது நான். ஆதாரம் ஆதாரம்னு உட்கார்ந்திருந்தது நான்.

போன் பண்ணினேன். கேட்டதும் கொத்துவது நின்றது. இத்தனை வருடத்தில் அவன் விரல் நின்று நான் கேட்டதில்லை.

"அக்கா... நான் அழிச்சிடறேன்க்கா. இப்பவே அழிச்சிடறேன்."

"படிச்சிருப்பான்ப்பா."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா?"

சொல்லியிருக்கலாம்.

மதியத்துக்குள் வாத்தியார் மேப்பையும் பக்கத்தையும் சேர்த்தே நீக்கிவிட்டார். ஏற்கெனவே எடுத்துக்கொண்டவர்களிடமிருந்து திரும்ப வாங்க வழியில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

சின்னவளிடம் எல்லாம் சொன்னேன். வானத்தைப் பற்றியும். பலகையில் அந்த ஆஸ்பத்திரியின் பெயரும் எண்ணும் இருப்பதையும், அதை வைத்தே எங்கள் தெருவரை வந்துவிடலாம் என்பதையும்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்து வந்தேன். பஸ் டிக்கெட்டைக்கூடக் கிழிச்சுப் போட்டேன். நீ கட்டிலை அளந்து குடுத்திருக்கே."

பிறகு அவளே அம்மாவுக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில்.

"அவர்கிட்ட சொன்னியாம்மா? அக்கா வீட்டைக் கட்டுறான்னு?"

"ஏதோ பேச்சுவாக்குல... நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்கீங்கன்னு சொல்றதுக்குத்தான்டி சொன்னேன். முகவரியா சொன்னேன்? எனக்கே தெரியாதே!"

"அவர் என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. ரொம்ப நாள் கழிச்சு அன்னிக்குத்தான் சிரிச்சாரு."

சின்னவள் போனை வைத்துவிட்டு அறைக்குள் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

ஏப்ரல் 13, திங்கள்

அரைநாள் விடுப்பு. காவல் நிலையம். பெண் சப்-இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். அவன் கண்ணால் எங்கள் வாசலைப் பார்க்கும் பதிவையும் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார்.

"இவர்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"சத்தத்தை வெச்சு. கேள்வியை வெச்சு."

"மேடம், எனக்குப் புரியுது. ஆனா விளையாட்டுல வந்து கதவு முன்னாடி நின்னாருன்னு எழுதினா மேலே சிரிப்பாங்க. நேர்ல வந்தாரா? மிரட்டினாரா?"

"வந்ததுக்கு அப்புறம் சொன்னா என்ன பிரயோஜனம்?"

ஒரு துண்டுத் தாளில் தன் சொந்த எண்ணை எழுதிக் கொடுத்தார். ஆதாரம் எங்கே என்று நான் எத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தது இதுதான் முதல் முறை.

ஏப்ரல் 17, வெள்ளி

சின்னவள் போய்விட்டாள். கண்ணாடிக் கடைக்கார அம்மாளுக்கு வேறோர் ஊரில் உறவினர் கடை இருக்கிறதாம். எந்த ஊர் என்று அவர் சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்றேன். தெரிந்தால் என் மனம் சும்மா இருக்காது. பஸ் எங்கே நிற்கும், தெரு எப்படித் திரும்பும், படி எந்தப் பக்கம் என்று வரைய ஆரம்பித்துவிடும். வரைந்ததை யாருக்காவது காட்டாமல் இருப்பேன் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

நீயும் வா என்று அவள் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் வந்தால் கதவைத் திறக்க இங்கே ஓர் ஆள் வேண்டும். பூட்டிய வீட்டைக் கண்டால் தேட ஆரம்பிப்பான்.

கிளம்பும்போது என் கண்ணாடியைக் கழற்றி, தன் துப்பட்டாவால் துடைத்து மாட்டிவிட்டாள். "பவர் மாத்தணும்க்கா உனக்கு. கிட்ட இருக்கிறது தெரிய மாட்டேங்குது."

கோபம் போய்விட்டதா, இல்லையா? தெரியவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

மாடியில் யாரோ நடக்கிற மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தேன். இரண்டாம் மாடிப் பையனின் பந்து, காற்றில் உருண்டுகொண்டிருந்தது.

ஏப்ரல் 25, சனி

வந்தான்.

காலை பத்து மணி வாக்கில். மணி அடிக்கவில்லை, விரலால் தட்டினான். சங்கிலியை மாட்டிக்கொண்டு திறந்தேன். முகம் மழித்து, இஸ்திரிச் சட்டை, கையில் பழப் பை. படிக்கட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் சுவிட்ச் மின்மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் சுவரெல்லாம் தடவிவிட்டு இருட்டில்தான் நிற்பார்கள்.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா?"

"எப்படி வழி தெரிஞ்சுது?"

"கேட்டுக் கேட்டு வந்தேன். ஊருன்னா நாலு பேரு சொல்ல மாட்டாங்களா?"

"அவ இல்லை."

"எப்ப வருவா?"

"வர மாட்டா."

"எங்க இருக்கா?"

"எனக்குத் தெரியாது."

என் முகத்தையே பார்த்தான். அப்புறம் சிரித்தான். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க அண்ணி. உங்ககிட்ட எனக்குப் பிடிச்சதே அதான்." குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கழுத்தை மட்டும் நீட்டிச் சங்கிலி இடைவெளி வழியாக உள்ளே பார்த்தான். கூடத்தைத் தாண்டி, அவள் அறையை. அறைக்கதவு திறந்திருந்தது. போன வாரம்தான் அங்கே எல்லாவற்றையும் இடம் மாற்றிப் போட்டிருந்தேன்.

"கட்டில் ஜன்னல் பக்கம்ல இருந்துச்சு?"

என் வீட்டுக்குள் ஒருநாளும் காலடி வைக்காதவன்.

அந்த நேரம் எதிர்க்கதவு திறந்தது. டியூஷன் டீச்சர், கையில் திருத்திக்கொண்டிருந்த பேப்பர், இடுப்புக்குப் பின்னால் நாலைந்து பிள்ளைத் தலைகள். "யாருங்க அது? என்ன வேணும்? பிள்ளைங்க படிக்கிற நேரத்துல வாசல்ல நின்னு என்ன பேச்சு?"

"சொந்தக்காரங்கதான் டீச்சர்," என்றான் மரியாதையாக. பழப் பையைத் தரையில் வைத்தான். இறங்கினான். திருப்பத்தில் கைப்பிடி உடைந்திருக்கும் இடத்தில், பார்க்காமலே கையை எடுத்துக்கொண்டு தாண்டினான்.

பிறகு கீழே போய்க் காவலாளியைக் கேட்டேன். "யாரையும் எதுவும் கேக்கலைம்மா. குடியிருக்கிறவர் மாதிரி நேரா ஏறிப் போனாரு. நான் புதுசா குடிவந்தவர்னே நினைச்சேன்."

சப்-இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தேன். கட்டிலைப் பற்றிச் சொன்னதும், "டீச்சர் அதைக் கேட்டாங்களா?" என்றார். கதவைத் திறக்கும்போதே கேட்டிருக்கிறார். சாட்சி சொல்லவும் வருகிறார்.

பழங்களைக் குப்பையில் போட்டேன். பையையும்.

மே 2, சனி

அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். எங்கள் பக்கமே வர மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். "இப்போதைக்கு இவ்வளவுதான் மேடம்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை என்றும் சொன்னார்.

அம்மா போன் செய்தாள். மாப்பிள்ளை என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. சின்னவள் சாப்பிடுகிறாளா என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். அது உண்மை என்பதை அவள் நம்பினாளா?

மே 17, ஞாயிறு

கூட்டம். ஒரு மாதம் கழித்து நால்வரும். வாத்தியார் ஒரு விதி கொண்டுவந்தார். இனி யாரும் தெரிந்த இடத்தைக் கட்டக் கூடாது, நிஜ வானத்தை ஒட்டக் கூடாது. பேச்சில்லாமல் ஒத்துக்கொண்டோம். மரங்கொத்தி என்னிடம் நேராகப் பேசவில்லை. "அக்காகிட்ட கேளுங்க" என்று வாத்தியாரிடம் சொல்கிறான், நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே.

புதுக் கட்டடம் ஒன்றைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். எங்கும் இல்லாத கட்டடம். மூன்று முறை அழித்தும் படிக்கட்டு என் வீட்டுப் படிக்கட்டாகவே வருகிறது.

ஜூன் 7, ஞாயிறு

புதுச் சோதனைக்கு ஆட்கள் சேர்கிறார்கள். ஏழாம் எண் இல்லை. நேற்றுப் பெயர் வைத்துக்கொள்ளாத ஒருவர் சேர்ந்திருக்கிறார். யாராகவும் இருக்கலாம். யாராகவும்.

சின்னவள் பேசினாள், அறிமுகமில்லாத எண்ணிலிருந்து. வேலை பிடித்திருக்கிறதாம். அங்கேயும் எழுத்துப் படிக்கச் சொல்லும் வேலைதான். ஒரு பெரியவர் கடைசி வரியை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து ஒப்பித்தாராம், அட்டையையே மாற்றிவிட்டாளாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"ரூம்கூட நல்லா இருக்குக்கா. வெளியே பார்த்தா எதிர்லயே ஒரு—"

"சொல்லாதே."

"சரிக்கா," என்றாள். "வெளிச்சம் வருது. அது மட்டும் சொல்லலாமா?"

"சொல்லலாம்."

அவளுக்குப் பின்னால் ஏதோ ஒரு சத்தம் நீளமாகக் கேட்கத் தொடங்கியது. ரயிலா, ஆலைச் சங்கா, எவ்வளவு தூரத்தில் என்று மனம் எழுந்துகொண்டது. சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் இரைச்சலில் பாதிதான் கேட்டது.